முள் இடப்பக்கம் சாய்ந்தால்

நாரந்தனை

அன்பு மகளுக்கு,

தந்தியைக் கண்டதும் உன் நெஞ்சு திடுக்கிட்டிருக்கும். அதனால் முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா சுகமாக இருக்கிறாள். நானும் சுகம். வீட்டில் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. "காரை எடுக்காதே, கடிதம் வருகிறது" என்று மட்டும்தான் அடித்தேன். ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் தந்தி எடுக்கிறவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஐயா, சாவு ஏதுமோ? ஆரும் மோசம் போட்டினமோ?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்லைத் தம்பி, மகளின்ரை கார் விஷயம்" என்றேன். "கார் விஷயத்துக்கு இஞ்சை ஒருத்தரும் தந்தி அடிச்சதில்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமும் வாங்கிக் கட்டினேன். "பிள்ளை ஒரு டொக்டர். அவளுக்குத் தன்ரை காரைப் பாக்கத் தெரியாதோ? தந்தியைக் கண்டு என்ன பாடுபடப் போறாளோ, விசர் வேலை பாத்திட்டு வந்து நிக்கிறியள்" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் அடிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். ஆறுதலாக இருந்து வாசி.

போன கிழமை நீ எழுதிய கடிதம் நாலு பக்கம். பாம்புக்கடியோடு வந்த தாய் பிழைத்துப் போனதை எழுதியிருந்தாய். குவாட்டர்ஸ் கூரை ஒழுகுவதை எழுதியிருந்தாய். ஓய்வுபெற்றுப் போன டொக்டரிடம் வாங்கிய பழைய காரை இப்போது நீயே தனியாக ஓட்டிக்கொண்டு, புதனும் சனியும் இருபது மைலுக்கு அப்பால் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பொழுதுபடத் திரும்பி வருவதாக எழுதியிருந்தாய். அம்மா அதையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். மூன்றாம் பக்கத்தின் அடியில் நாலே வரி இருந்தது. "சார்ஜ் மீற்றரின் முள் கொஞ்ச நாளாக இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது அப்பா. சிவப்பு லைற்றும் முழுதாக அணையாமல் மங்கலாக எரிகிறது. ஆனால் கார் நன்றாக ஓடுகிறது. மீற்றர் பழசு, அதைப் பார்க்கத் தேவையில்லை என்று கராஜ்காரர் சொல்கிறார்." அந்த நாலு வரியையும் நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வன்னிக் காட்டு றோட்டில் நான் கூலிக்கு ஓடியிருக்கிறேன். பத்து மைலுக்கு ஒரு வீடு இல்லை. மாலையானால் யானை குறுக்கே நிற்கும். அங்கே உன் கார் நின்றால் என்ன செய்வாய் என்று யோசிக்கத் தொடங்கினால், அந்த யோசனைக்கு முடிவு இல்லை.

முள்ளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கே உனக்குத் தேவைப்படலாம். எஞ்சின் ஓடும்போது பெல்ற் டைனமோவைச் சுற்றுகிறது. நாங்கள் செலவழித்த மின்சாரத்தை டைனமோ பற்றறிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முள் நடுவுக்கு வலப்பக்கம் நின்றால் பற்றறிக்குள் வருகிறது. இடப்பக்கம் நின்றால் பற்றறியை விட்டுப் போகிறது. அவ்வளவுதான். காலையில் சாவியைத் திருப்பியதும் சிவப்பு லைற் எரிய வேண்டும், முள் சற்று இடப்பக்கம் அசைய வேண்டும். லைற் எரியவே இல்லையென்றால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதே, லைற்றின் பல்ப் செத்திருக்கலாம். ஸ்டார்ட் செய்து சற்றே அக்சிலேற்றரை மிதித்ததும் சிவப்பு முற்றாக அணைந்து, முள் வலப்பக்கம் நன்றாக ஏற வேண்டும். ஸ்டார்ட் செய்ய எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது என்று அர்த்தம். சில மைல் ஓடியபின் முள் மெல்ல இறங்கி, நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக அமைதியாக நிற்கும். லைற்றும் வைப்பரும் போட்டபடி கார் ஓடாமல் நிற்கும்போது முள் இடப்பக்கம் சாயும், அது குற்றமில்லை. இருபத்தைந்து மைல் வேகத்தில் ஓடும்போதும் இடப்பக்கமே நின்றால்தான் குற்றம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது முள் திடீரென இடப்பக்கம் விழுந்தால் உடனே எஞ்சின் சூட்டைக் காட்டும் மீற்றரைப் பார். சூடும் ஏறினால் பெல்ற் அறுந்துவிட்டது. அதே பெல்ற்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. உடனே நிறுத்து, இல்லாவிட்டால் எஞ்சின் போய்விடும். சூடு ஏறாவிட்டால் கோளாறு டைனமோவில். அப்போது எஞ்சினை மட்டும் நிறுத்தாதே, திரும்ப ஸ்டார்ட் ஆகாது. பகலென்றால் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆட்கள் இருக்கிற கிட்டின இடத்துக்குப் போய்ச் சேர். மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. முள் மணிக்கணக்காக வலப்பக்கக் கோடியிலேயே நின்றால் நல்ல சார்ஜ் என்று மகிழாதே, பற்றறித் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருக்கும். இவையெல்லாம் உனக்குப் பாதி தெரிந்ததுதான். பள்ளிக்கூட விடுமுறையில் முன்சீற்றில் இருந்துகொண்டு "இப்ப ஏன் முள்ளு அங்காலை போகுது?" என்று கேட்டு என் உயிரை எடுத்தவள் நீ. நான் உனக்குச் சொல்லித்தராமல் விட்டது வேறொன்று. அந்த முள்ளை எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்பது.

நயினாதீவு ஐயரை நான் பண்ணைப் பாலத்தில் காரோடு தள்ளிக்கொண்டு போன கதை உனக்கு மனப்பாடம். நீ ஆறாம் வகுப்பில் அதையே கட்டுரையாக எழுதிப் பரிசும் வாங்கினாய். "எதிர்க்காற்றிலும் மழையிலும் என் தந்தை ஓர் உயிரைக் காத்தார்" என்று முடித்திருந்தாய். அந்தக் கட்டுரையை அம்மா அலுமாரியில் வைத்திருக்கிறாள். மருத்துவக் கல்லூரிக்கு எடுபட்ட நாளில், "அண்டைக்கு அப்பா ஐயரைக் கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி நானும் செய்யோணும்" என்று நீ சொன்னாய். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். சந்தோஷத்தில் அழப் போனேன் என்று நீங்கள் இருவரும் நினைத்தீர்கள். மகளே, அந்தக் கதையில் நான் சொல்லாமல் விட்டது இருக்கிறது. பதினாறு வருடமாக விட்டிருக்கிறேன்.

அது கார்த்திகை மாதம். அப்போது நான் என் வாடகைக் காரை ஒவ்வொரு நாளும் குறிகட்டுவானில் கொண்டுபோய் நிறுத்துவேன். நயினாதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் லோஞ்சில் வருகிறவர்கள் யாழ்ப்பாணம் போக அங்கேதான் இறங்குவார்கள். பஸ் இருந்தது. ஆனால் அவசரக்காரரும் நோயாளிகளும் காரைத்தான் தேடுவார்கள். என் கார் நடுவழியில் நிற்காது என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்கு மிகுந்த பெருமை. அந்தக் கிழமை முழுவதும் முள் இடப்பக்கம் நின்றது. நான் டைனமோவின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளேயிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கிற இரண்டு கரித்துண்டுகளும் நகத்தளவுக்குத் தேய்ந்திருந்தன. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். யாழ்ப்பாணத்தில் மின்வேலை செய்கிறவர், "ரெண்டு நாள் காரை விட்டிட்டுப் போம், வேறை டைனமோவிலை இருந்து எடுத்துப் போட்டுத் தாறன்" என்றார். நான் விடவில்லை. என் இடத்தில் வேறு கார் வந்து நிற்கும், கார் பழுதாம் என்று ஊர் பேசும் என்று நினைத்தேன். கரியை உரஞ்சிப் பூட்டிவிட்டு, பற்றறியை மட்டும் வெளியே கொடுத்துச் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டேன். பகலில் லைற் போடாமல் ஓடினால் ஒரு நாள் தாக்குப்பிடிக்கும் என்பது என் கணக்கு. இரண்டு நாள் அந்தக் கணக்குச் சரியாக வந்தது. அதனால் மூன்றாம் நாளும் சரியாக வரும் என்று நம்பினேன்.

மூன்றாம் நாள் கடல் கொந்தளித்தது. லோஞ்ச் வரப் பிந்திவிட்டது. வந்தபோது மாலை நாலரை இருக்கும், மழை இருட்டு. ஐயரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். நயினாதீவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் பூசை செய்கிறவர் அவர். அடிவயிற்றைப் பிடித்தபடி இரண்டாக வளைந்திருந்தார். காலையிலிருந்து வலியாம், சத்தியாம், குடித்த தண்ணீரும் வெளியே வந்துவிடுகிறதாம். ஐயரம்மா அவருடைய சால்வையைத் தன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நனைந்தபடி வந்தார். அன்று இறங்குதுறையில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று என்னுடையது. மற்றது புங்குடுதீவுக் கந்தையா அண்ணையுடையது. பழைய கார், ஆனால் குறை ஒன்றும் இல்லாதது. அண்ணை என் அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "தம்பி, உம்மடை காருக்குச் சார்ஜ் இல்லையெண்டு சொன்னனீர் எல்லோ? லைற் போடாமல் போகேலாது. நான் கொண்டுபோறன், விடும்."

இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். பாலத்தில் அல்ல, இங்கே. ஐயர் எப்போதும் என் காரில்தான் போவார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அவரை இன்னொருவன் காரில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. "அதெல்லாம் சரியாக்கிப்போட்டன் அண்ணை" என்று சொல்லிக் கதவைத் திறந்தேன். அண்ணை என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு விலகிக்கொண்டார்.

கடலுக்குக் குறுக்கே போகிற புங்குடுதீவுத் தாம்போதியைக் கடக்கும்போது முள் இடப்பக்கக் கோடிக்குப் போய்விட்டது. நான் லைற்றை அணைத்து அணைத்துப் போட்டேன். வைப்பரை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே கையை விட்டுத் துடைத்தேன். பின்சீற்றில் ஐயரின் தலையை மடியில் வைத்திருந்த ஐயரம்மா, "கொஞ்சம் கெதியா விடுங்கோ தம்பி" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். ஐயர் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையாரை அழைத்துக்கொண்டிருந்தார். நான் விரலால் மீற்றரின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே போனேன். முள் எங்கேயாவது சிக்கியிருக்கும், தட்டினால் எழும்பும் என்று ஒரு விசர் நம்பிக்கை. வேலணையில் எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியார் வீட்டில் கார் நின்றது. வாசலைக் கடக்கும்போது கண்டேன். நிறுத்தி, "வாத்தியார், என்ரை கார் போகாது, உங்கடையைத் தாருங்கோ" என்று கேட்டிருக்கலாம். கால் பிரேக் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. இன்னும் எட்டு மைல்தானே என்று விட்டேன்.

பண்ணைப் பாலத்தில் பாதி தாண்டியதும் முன்லைற் இரண்டும் மஞ்சளித்து மங்கின. எஞ்சின் இரண்டு தரம் இருமியது. நின்றுவிட்டது. முன்னால் போய் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். பற்றறியில் ஒரு சொட்டுப் பலமும் இல்லாதபோது ஹாண்டில் சுற்றி என்ன, கோயிலைச் சுற்றி என்ன. இருபக்கமும் கடல் அடித்துத் தார் றோட்டில் தெறித்தது. வாடைக்காற்று நேரே முகத்தில் அடித்தது. காரைத் தள்ளத் தொடங்கினேன். எவ்வளவு தூரம் தள்ளினேன் என்று நான் சொன்னதெல்லாம் உண்மை. உள்ளங்கை கிழிந்ததும் உண்மை. ஆனால் நான் தைரியத்தில் தள்ளவில்லை மகளே. நின்றால் ஐயரம்மா என்ன நடந்தது என்று கேட்பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்தில் தள்ளினேன். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு தீவுப்பக்கமிருந்து புகையிலை ஏற்றிய ஒரு லொறி வந்தது. அவர்கள் ஐயரைப் புகையிலையை மூடியிருந்த படங்குக்குக் கீழே கிடத்திக்கொண்டு போனார்கள்.

பெரியாஸ்பத்திரியில் அன்றே வெட்டினார்கள். வெளியே வந்த டொக்டர், குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெல்லாம் பரவிவிட்டது என்றார். "எப்ப வெடிச்சது ஐயா?" என்று நான்தான் கேட்டேன். "கன நேரம் ஆகேல்லை. ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தா இவ்வளவு கஷ்டம் இல்லை" என்றார். உன்னைப்போல ஓர் இளம் டொக்டர். களைத்துப்போயிருந்தார். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. என்மேல்தான் அது விழுந்தது. சொந்தக்காரர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார்கள். "பற்றறி திடீரெண்டு செத்துப்போச்சு" என்றேன். திடீரென்று. அந்த ஒரு சொல்தான் என் பொய். அதைச் சொல்லிவிட்டுக் கிழிந்த கையோடு நின்றேன். அவர்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

ஐயர் மூன்று மாதம் கிடந்து எழும்பினார். வயிற்றில் வெட்டிய இடம் சரியாகப் பொருந்தவில்லை. பாரம் தூக்கக்கூடாது, குனிந்து நிமிரக்கூடாது என்றார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளி அபிஷேகம் செய்ய ஏலாத பூசகர் என்ன செய்வார்? கோயிலில் பூசை செய்யும் முறை அவருடைய தம்பியாரிடம் போனது. பிள்ளையாரைத் தொட்டுப் பூசை செய்தவர் அதன்பிறகு வெளிமண்டபத்தில் இருந்து பூ மாலை கட்டினார். அப்படியிருந்தும் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்கு விபூதிப் பிரசாதம் கொடுத்துவிடுவார், "என்ரை உயிரைத் தந்த மனுசன்" என்று. அதை வாங்கி நெற்றியில் பூசாமல் உத்தரத்தில் செருகிவிடுவேன். "ஏனப்பா பூசேல்லை?" என்று நீ ஒருமுறை கேட்டாய். குளித்துவிட்டுப் பூசுகிறேன் என்றேன்.

உன் கடிதம் வந்தபின் இரண்டு நாள் யோசித்தேன். உனக்குப் புத்தி சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கதையைச் சொல்லாமல் புத்தி சொன்னால், "அப்பா கார் விஷயத்தில் எப்போதும் பயந்தவர்" என்று சிரித்துவிட்டு நீ புதன்கிழமை வெளிக்கிட்டுவிடுவாய். கதையைச் சொல்வதானால் ஐயரைத் தாண்டி உனக்குச் சொல்லக்கூடாது. முதலில் சொல்ல வேண்டியது அவருக்கு. வெள்ளிக்கிழமை காலை நயினாதீவுக்குப் போனேன். அம்மாவிடம் கோயிலுக்கு என்று சொன்னேன். லோஞ்சில் இருக்கும்போது திரும்பிப் போய்விடலாமா என்று எத்தனை தரம் நினைத்தேன் என்று எனக்கே தெரியாது.

ஐயர் மண்டபத்தில் செவ்வரத்தம்பூக் கட்டிக்கொண்டிருந்தார். ஐயரம்மா பக்கத்தில் பூ ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஐயர் முகம் மலர்ந்து, "வாரும், வாரும். மகள் எப்பிடி? டொக்டரம்மா எப்ப வாறா?" என்றார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். தேய்ந்த கரி, கந்தையா அண்ணை கேட்டது, நான் சொன்ன பொய், வாத்தியார் வீட்டு வாசல், எல்லாம். சொல்லி முடிக்கும்வரை அவர் கை பூவைக் கட்டிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"உதை ஏன் இப்ப வந்து எனக்குச் சொல்லுறீர்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பதினாறு வருஷமா ஒவ்வொரு நாளும் உம்மடை பேரைச் சொல்லிக் கும்பிட்டனான். அந்தக் கும்பிட்டதை நான் இப்ப என்ன செய்யிறது?"

உன் காரின் முள்ளும் இப்போது இடப்பக்கம் நிற்கிறது, உனக்கு எழுதுமுன் அவரிடம் சொல்ல வந்தேன் என்றேன். ஐயரம்மாதான் பிறகு பேசினார், நிலத்தைப் பார்த்தபடி. "எனக்கு அண்டைக்கே தெரியும்." ஐயர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "தாம்போதியிலை இருந்து தம்பி அந்தக் கண்ணாடியைத் தட்டித் தட்டி வந்தவர். பின்னாலை இருந்து பாத்துக்கொண்டுதான் வந்தனான். ஏதோ பிழையெண்டு விளங்கினது. கேட்டா இவர் பதகளிச்சு, கை தடுமாறிக் காரை எங்கையும் விட்டிடுவார், நிப்பாட்டினா வேறை கார் கிடையாது எண்டு பயந்து பேசாமல் இருந்தனான். கேட்டிருந்தா வேலணையிலை நிப்பாட்டியிருப்பீர், என்ன தம்பி?"

"நிப்பாட்டியிருப்பன் அம்மா" என்றேன். அது உண்மை. யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் பெருமை அவ்விடத்திலேயே உடைந்திருக்கும். ஐயரம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பதினாறு வருடமாக அவரும் தன் பங்கைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், அவர் புருஷனுக்கும் தெரியாமல். ஐயர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லச் சுவரைப் பிடித்து எழும்பி உள்ளே போய்விட்டார். மதிய லோஞ்ச் வரும்வரை காத்திருந்தேன். அவர் வெளியே வரவில்லை. நான் படியிறங்கும்போது ஐயரம்மா மட்டும் வாசல்வரை வந்து, "பிள்ளைக்கு உடனை எழுதும்" என்றார்.

அன்றே ஊர்காவற்றுறைக்குப் போய்த் தந்தி அடித்தேன், மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நீ என்னை இனி எப்படி நினைப்பாய் என்பதில் எனக்குப் பயம் இருக்கிறது. ஆனால் உன் காரின் முள்ளைப் பற்றிய பயம் அதைவிடப் பெரிது. கார் நன்றாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறாய். ஓடும். நிற்கிற நிமிடம் வரைக்கும் நன்றாகத்தான் ஓடும். என் காரும் பண்ணைப் பாலத்தின் பாதிவரை ஒரு குறையில்லாமல் ஓடியது. மீற்றர் பழசு என்று கராஜ்காரர் சொன்னால், "அப்ப சிவப்பு லைற் ஏன் எரியுது? அதுவும் பழசோ?" என்று கேள். இரண்டும் ஒன்றையே சொல்லும்போது இரண்டும் பொய் சொல்லாது. பெல்ற்றை நடுவில் பெருவிரலால் அமத்திப் பார்க்கச் சொல். அரை அங்குலத்துக்கு மேல் தாழ்ந்தால் தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் போதும். பெல்ற் சரியென்றால் டைனமோவைத் திறந்து கரியைப் பார்க்கச் சொல். நீ பக்கத்தில் நின்று உன் கண்ணால் பார். பற்றறியைச் சார்ஜ் போட்டுத் தருகிறேன், இந்தக் கிழமை சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் காரை விடாதே. அதை நான் எனக்கே சொல்லியிருக்கிறேன்.

சரியாகும்வரை புதன்கிழமை பஸ்ஸில் போ, பஸ் இல்லாவிட்டால் போகாதே. அங்கே நோயாளிகள் காத்திருப்பார்கள் என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். நானும் நோயாளி காத்திருக்கிறார் என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். கார் பழுது என்று பெரிய டொக்டரிடம் கூச்சப்படாமல் சொல். ஆஸ்பத்திரி ஜீப்பைக் கேள். உன் காரில் யார் ஏறினாலும், அது தாதியாக இருந்தாலும், "முள்ளு என்ன சொல்லுது?" என்று உன்னிடம் கேட்கப் பழக்கு. கேட்கிறவரிடம் எரிந்து விழாதே. நீ டொக்டர் என்பதால் உன்னை ஒருவரும் கேட்க மாட்டார்கள். பின்சீற்றில் இருந்து பார்த்துக்கொண்டு பேசாமல் வருவார்கள். எனக்கு அதுதான் பயம்.

இவ்வளவும் எழுதி மடிக்கப்போகும்போது படலை திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, ஐயர் வாறார்" என்றாள். நம்பவில்லை. அந்த உடம்போடு, இந்தக் கடலில், லோஞ்சும் இரண்டு பஸ்ஸும் மாறி வந்திருக்கிறார். வேட்டி நனைந்திருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். நான் கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் இருந்தார். நனைந்த வேட்டித் தலைப்பைப் பிழிந்துவிட்டுச் சொன்னார்.

"உம்மை மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல வரேல்லை. அது என்னாலை இன்னும் ஏலாது. பிள்ளையின்ரை கார் என்ன மாதிரி எண்டு கேக்க வந்தனான். மூண்டு நாளா எனக்கு நித்திரை இல்லை."

அம்மா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள். அவளிடமும் இப்போதுதான் சொல்லப் போகிறேன். ஐயர் முற்றத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறார், மாலை பஸ்வரை இருப்பாராம். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அது உன்னிடம்தான் இருக்கிறது. வேறு செய்தி ஒன்றும் வேண்டாம், முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு வரி உடனே எழுது. நாங்கள் மூன்று பேர் காத்திருக்கிறோம்.

அப்பா